துண்டு விரிப்பதோடு கடமை தீர்ந்துவிடுமா? சிறுநீரக நோயாளிகளும் நம் மஹல்லாக்களும்

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஓர் அறிவிப்பு வருகிறது. மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாசலில் துண்டு விரிக்கப்பட்டிருக்கிறது. இயன்றதைக் கொடுத்து உதவுங்கள். தமிழகத்தின் எந்தப் பள்ளிவாசலுக்கும் இது புதிய அறிவிப்பன்று. மக்கள் கொடுக்கவே செய்கிறார்கள். தினக்கூலி வாங்குபவர்கூடச் சட்டைப்பையைத் துழாவி ஒரு நோட்டைப் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார். அன்று மாலைக்குள் ஒரு தொகை அந்த வீட்டை அடைகிறது. நிர்வாகிகள் கணக்கை எழுதி முடிக்கிறார்கள்.

அந்தத் தொகை எத்தனை நாளைக்கு வரும் என்று எவரும் கேட்பதில்லை. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்குப் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் தேவைப்படுகிறது. ஆண்டுக்கு 156 முறை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுவதும், இது தொடர வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை வசூல் அந்த 156இல் சிலவற்றைத் தாங்கும். அதன்பின் அடுத்த வெள்ளிக்கிழமை வேறொருவரின் பெயர் அறிவிக்கப்படும்.

நாம் சொல்ல வருவது இதுதான். நம் சமுதாயத்தில் ஈகைக்குக் குறைவில்லை. அந்த ஈகையை நோயாளியின் வாழ்க்கையோடு இணைத்து நடத்திச் செல்லும் பயிற்சி பெற்ற மனிதர்தாம் இல்லை. அந்த மனிதருக்குப் பெயர் மருத்துவச் சமூகப் பணியாளர். பைத்துல்மால் வைத்திருக்கும் ஒவ்வொரு மஹல்லாவும், தனித்தோ அண்டை மஹல்லாக்களுடன் சேர்ந்தோ, இத்தகைய ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் ஆண்டுதோறும் துண்டு விரித்துக்கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

நோய் எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது?

ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் நாற்பது வயதுச் சகோதரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் அவர் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். சிகிச்சை முடிந்த நாளில் உடல் தளர்ந்து வண்டி ஓட்ட முடிவதில்லை. மீதமுள்ள நாட்களின் வருமானத்தில் வாடகை, வண்டித் தவணை, பிள்ளைகளின் கட்டணம் அனைத்தும் அடங்க வேண்டும். துணைக்கு வரும் மனைவியோ மச்சானோ அவர்களின் கூலியையும் இழக்கிறார்கள். மூத்த மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போகிறான். மகளுக்கு வந்த சம்பந்தம், அத்தாவுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் தள்ளிப்போகிறது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர், தாகத்தாலும் எரிச்சலாலும் வீட்டாரிடம் சீறி விழுகிறார். ஒருநாள், இனி டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இவற்றில் எதை மருத்துவர் தீர்ப்பார்? காத்திருப்போர் வரிசை நீண்ட மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள் கிடைத்தாலே பெரிது. செவிலியர் இயந்திரத்தைக் கவனிப்பார். இமாம் துஆச் செய்வார். உறவினர் பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வருவார். அந்தப் பழமே சில வேளை அவருக்கு ஆகாததாக இருக்கும். இந்தக் குடும்பத்தின் கடன், படிப்பு, மனச்சோர்வு, அரசு உதவி, உணவுமுறை ஆகிய அனைத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

இந்தக் குறையை உலகம் எப்போதோ உணர்ந்துவிட்டது. 1905இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர், வீட்டுநிலை அறியாமல் மருந்து எழுதுவதில் பயனில்லை என்று கண்டு, சமூகப் பணியாளரை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். நம் நாட்டில் 1936இல் பம்பாயில் டாடா நிறுவனம் சமூகப்பணிக் கல்வியைத் தொடங்கியது. 1946இல் அந்நகரின் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி உருவாயிற்று. சிறுநீரகம் செயலிழந்தோரின் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை வயது பாராமல் ஏற்கும் சட்டத்தை 1972இல் இயற்றிய அமெரிக்கா, பின்னர் வகுத்த விதிகளில் ஒவ்வொரு டயாலிசிஸ் நிலையத்திலும் தகுதி பெற்ற சமூகப் பணியாளர் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பணத்தை அரசு கொடுத்த பின்னும் அங்கே சமூகப் பணியாளர் தேவைப்பட்டார். பணமே தட்டுப்பாடாக உள்ள நம் வீடுகளுக்கு அவர் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"இருக்கிற பணத்தை நோயாளிக்குக் கொடுக்காமல் ஒருவருக்குச் சம்பளமாகக் கொடுப்பதா?" என்று நிர்வாகிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடையைக் கணக்கிலேயே காண்போம்.

தனியார் நிலையத்தில் ஒருமுறை டயாலிசிஸுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 156 முறைக்கு 3,12,000 ரூபாய் ஆகிறது. பட்டம் பெற்ற ஒரு சமூகப் பணியாளருக்கு மாதம் 25,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். ஆக, ஒரே ஒரு நோயாளிக்குத் தனியார் நிலையத்தில் கட்டும் தொகைக்குள் ஒரு முழுநேரப் பணியாளரின் ஊதியம் அடங்கிவிடுகிறது.

அவர் என்ன செய்வார்? முதலில், அந்த நோயாளி அவ்வளவு பணம் கட்ட வேண்டியவர்தானா என்று பார்ப்பார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவையும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் சென்றால் பதிவு செய்துகொள்ளலாம். மாவட்ட மருத்துவமனைகளில் வறியோருக்கு இலவச டயாலிசிஸ் வழங்கும் தேசியத் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் பணி, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்யும் டேங்கர் அறக்கட்டளை 1993 முதல் தமிழகத்தில் இயங்கி வருகிறது.

இவ்வளவும் இருக்க, அட்டை இல்லாமலும், அட்டை இருப்பதே எதற்கென்று அறியாமலும், நகையை அடகு வைத்துத் தனியார் நிலையத்தில் கட்டணம் செலுத்தும் குடும்பங்களை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவர்கள் பெயரில் துண்டும் விரிக்கப்படுகிறது. இரண்டு நோயாளிகளை ஒரு பணியாளர் அரசுத் திட்டத்தில் சேர்த்துவிட்டால், அவருடைய ஊதியத்தைப் போல் இரு மடங்கு மிச்சமாகும். மிச்சமாகும் பணம் எந்தத் திட்டத்திலும் வராத செலவுகளுக்குப் போகலாம்: பேருந்துக் கட்டணம், வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அரிசி.

"எங்களிடம் இளைஞர்கள் இருக்கிறார்களே" என்பது அடுத்த பதில். ஆம், இரத்த தானத்திலும் அவசர ஊர்திச் சேவையிலும் தமிழக முஸ்லிம் இளைஞர்கள் பெற்றிருக்கும் நற்பெயர் உண்மையானது. நள்ளிரவில் அழைத்தாலும் ஓடி வருகிறார்கள். ஆனால் சிறுநீரக நோய் ஓர் இரவில் முடிவதில்லை. ஐந்தாம் ஆண்டின் ஒரு செவ்வாய்க்கிழமையும் அதே நோயாளி, அதே படுக்கையில், அதே நான்கு மணி நேரம் இருப்பார். அப்போதும் அவர் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்டு வீடு தேடிச் செல்ல, அதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் வேண்டும்.

ஸக்காத் நிதியைப் பகிர வேண்டிய எட்டு வகையினரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் எண்ணிச் சொல்கிறது. ஏழைகளும் வறியவர்களும் அதில் முதலில் வருகிறார்கள். அவர்களை அடுத்து வருபவர் யார்? அந்நிதிக்காக உழைக்கும் பணியாளர். உரியவரைத் தேடிக் கண்டு, திரட்டிக் கொண்டு சேர்ப்பது ஓர் உழைப்பு என்பதையும், உழைப்புக்கு ஊதியம் உண்டு என்பதையும் மார்க்கம் முன்பே ஏற்றிருக்கிறது. நாம் கூறும் பணியாளருக்குரிய ஊதியத்தை ஸக்காத்திலிருந்து கொடுக்கலாமா, பொது ஸதகாவிலிருந்தா, வக்ஃப் வருமானத்திலிருந்தா என்பதை ஆலிம்கள் கூடி முடிவு செய்யட்டும். எதிலிருந்தும் கொடுக்கக் கூடாது என்று எந்த ஆலிமும் சொல்லமாட்டார் என்றே நம்புகிறோம்.

நம் வீட்டை அறிந்தவர் வேண்டும்

மருத்துவமனையிலேயே சமூகப் பணியாளர் இருந்தால் போதாதா என்றும் கேட்கலாம். இருக்கும் இடங்களில் அவர்கள் நற்பணி ஆற்றுகிறார்கள். அவர்களை நாம் மதிக்கிறோம். ஆயினும் நம் வீடுகளுக்குள் நடக்கும் சில காரியங்கள் மருத்துவமனைச் சுவருக்குள் எட்டுவதில்லை.

ரமழான் வருகிறது. இருபது ஆண்டுகள் ஒரு நோன்பும் விடாதவர், டயாலிசிஸ் நோயாளியான பின்னும் நோன்பு நோற்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். நோயாளிக்குத் திருமறையே சலுகை அளித்திருக்கிறது. நிரந்தர நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது. மருத்துவர் "நோன்பு வைக்காதீர்கள்" என்றால் அவர் கேட்பதில்லை. ஹஜ்ரத் சொன்னால் கேட்பார். ஆனால் அவர் உடல்நிலை என்னவென்று ஹஜ்ரத்துக்கு யார் விளக்குவது? நோன்பே வைக்காதவருக்கும் இஃப்தார் விரிப்பில் பேரீச்சம்பழம், வாழைப்பழம், இளநீர் எல்லாம் அன்போடு நீட்டப்படுகின்றன. இவை பொட்டாசியம் மிகுந்தவை. செயலிழந்த சிறுநீரகம் அதை வெளியேற்றாது. இரத்தத்தில் அது மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். இரண்டு கோப்பை நோன்புக் கஞ்சியும் அவருக்கு அளந்து குடிக்க வேண்டிய நீர்தான். இதை அந்த வீட்டு உம்மாவிடம் அமர்ந்து, அவர் மனம் புண்படாமல் சொல்ல, அந்த விரிப்பை அறிந்த ஒருவர் வேண்டும்.

உளூவைப் பாருங்கள். கழுத்துவழிக் குழாய் பொருத்தப்பட்டவர் அந்த இடத்தை ஈரம் படாமல் காக்க வேண்டும். ஈரம் கிருமிக்கு வழிவிடும். கட்டின்மேல் தடவுவதா, தயம்மும் செய்வதா என்று தெரியாமல் தொழுகையை விட்டவர்களும் உண்டு, குழாயை நனைத்துக் காய்ச்சலில் விழுந்தவர்களும் உண்டு. மருத்துவரிடம் ஒரு கேள்வி, ஆலிமிடம் ஒரு கேள்வி. இரண்டு விடைகளையும் சேர்த்து நோயாளியிடம் கொண்டுவர ஓர் ஆள் போதும்.

பெண்கள் தனியே பேச ஓர் இடம்

இனி, பலரும் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். இந்தியாவில் உயிருடன் இருந்து சிறுநீரகம் கொடுப்போரில் பெரும்பான்மையோர் பெண்கள்; பெறுவோரில் பெரும்பான்மையோர் ஆண்கள். மனைவி கணவனுக்கும், தாய் மகனுக்கும் கொடுக்கிறார்கள். அன்பினால் கொடுப்பது பெருந்தியாகம். அதைத் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானால் கொடுக்க முன்வரும் கணவர்கள் எத்தனை பேர்? நோயுற்ற மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு ஜமாஅத்துக்கு வருபவர்கள் இருக்கிறார்கள் என்பதை நிர்வாகிகள் அறிவார்கள்.

கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறாரா, மாமியாரும் மச்சான்மாரும் சுற்றி நிற்பதால் தலையசைக்கிறாரா என்பதை அறிய, அவரைத் தனியே அமர்த்திப் பேச வேண்டும். "இல்லை" என்று சொன்னால் அந்தச் சொல்லைப் பாதுகாத்து, குடும்பம் உடையாமல் காப்பதும் ஒரு கலை. இது சமூகப்பணிப் பயிற்சியின் அடிப்படைப் பாடம். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் கொடையாளரின் இசைவை நிபந்தனையாக்கியது. 2011இல் செய்த திருத்தம், உறுப்பு மாற்று மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்றது. 2014இன் விதிகள் அந்தப் பணிக்குச் சமூகப்பணி படித்தவரையும் தகுதியானவராக ஏற்றன. சட்டமே தேவை என்று கண்ட பணி இது.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைக் கொடுப்பது பற்றியும் நம் வீடுகளில் குழப்பம் நிலவுகிறது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் ஜித்தாவில் கூடி, நிபந்தனைகளுடன் உறுப்புக் கொடையை அனுமதித்து, உறுப்பு விற்பனையைத் தடுத்தது. மாறுபட்ட கருத்துடைய ஆலிம்களும் இருக்கிறார்கள். எந்தக் கருத்தை ஏற்பது என்பதை அவரவர் தம் ஆலிமிடம் கேட்டு, அமைதியான நாளில் தீர்மானிக்க வேண்டும். விபத்து நடந்த இரவில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், கதறும் தாயிடம் முதன்முறையாக இந்தக் கேள்வி வைக்கப்படுவது கொடுமை. முன்கூட்டியே குடும்பங்களோடு பேசிவைப்பவர் மஹல்லாவுக்குள் இருந்தால் அந்தக் கொடுமை நேராது.

விற்பனையைப் பற்றி மார்க்கத்தில் ஐயமில்லை. ஆனால் ஹராம் என்று மிம்பரில் சொல்லிவிட்டால் கடன்காரர் வாசலைவிட்டுப் போய்விடுவதில்லை. சென்னையின் வில்லிவாக்கத்துக்குச் சிறுநீரகத்தின் பெயராலேயே ஓர் அவப்பெயர் ஒட்டிக்கொண்ட காலம் உண்டு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவர்களில் 100க்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்றபின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் அப்போதும் கடனிலேயே இருந்தனர். உடலின் ஒரு பகுதி போயிற்று, வட்டி போகவில்லை. கடன் முற்றும் முன்பே அந்த வீட்டின் கதவைத் தட்டியிருக்க வேண்டியவர் யார்?

என்ன செய்ய வேண்டும்?

எல்லாம் விதிப்படி என்று சொல்லி ஒதுங்குவோரிடம் ஒன்று கேட்கிறோம். நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவனிடம் பொறுப்புச் சாட்டச் சொன்னதும் நாம் குத்பாக்களில் கேட்பவைதானே? மஹல்லாவின் கடமையும் அந்தக் கட்டுக் கயிறுதான்.

ஜமாஅத் நிர்வாகிகள் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, ஒரு பணியாளரை அமர்த்துங்கள்; சிறிய மஹல்லாக்கள் ஐந்தாறு சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். பெண் நோயாளிகளையும் கொடையாளர்களையும் சந்திப்பதற்கு அவர் பெண்ணாக இருத்தல் சிறப்பு. சமூகப்பணி படித்துவிட்டு வேலையின்றி வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது, நோயாளிகளின் பட்டியலை அவர் வைத்திருக்கட்டும். யார் எந்தத் திட்டத்தில் இருக்கிறார், யாருக்கு எந்தச் சான்று நிலுவையில் உள்ளது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் அவரைத் தவிர எவர் கைக்கும் போகக் கூடாது. மூன்றாவது, நோயாளியின் படத்தையும் வங்கிக் கணக்கையும் வாட்ஸ்அப்பில் பரப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். இன்று உதவிக்காகப் பரவும் படம், நாளை அவர் மகளின் சம்பந்தப் பேச்சில் எதிரே வந்து நிற்கும். நான்காவது, நோய் வருமுன் தடுக்கும் வேலையும் அவருடையதே. சிறுநீரகத்தை அழிப்பவற்றில் முதன்மையானவை நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். இரண்டையும் ஆரம்பத்திலேயே கண்டறிந்து மருந்தைத் தவறாமல் உட்கொள்ளச் செய்தால், பல வீடுகள் டயாலிசிஸ் வாசலை மிதிக்காமலே காப்பாற்றப்படும்.

1951ஆம் ஆண்டில் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும் சென்னையில் புதுக்கல்லூரியையும் எழுப்பிய சமுதாயம் இது. தோல் வணிகர்களும் கடல் கடந்து பொருளீட்டியோரும் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் கட்டித் தந்த சமுதாயம் இது. ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் அதற்குப் பெரிய தொகையன்று. ஒரு திருமண மண்டபத்தின் மின்விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் செலவை வைத்து இதை அளந்து பாருங்கள்.

உங்கள் மஹல்லாவின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். பைத்துல்மாலின் கடந்த ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கி, டயாலிசிஸுக்கு எவ்வளவு போயிற்று, பெற்றவர்களில் எத்தனை பேரிடம் காப்பீட்டு அட்டை இருந்தது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். விடை கிடைக்கவில்லையென்றால், ஒரு பணியாளர் ஏன் தேவை என்பதை அதற்குமேல் எவருக்கும் விளக்க வேண்டியிராது.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் நற்சுகத்தையும், அவர்களைத் தாங்கும் குடும்பங்களுக்குப் பொறுமையையும், நிர்வாகப் பொறுப்பில் இருப்போருக்குத் தெளிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.